பெரும் பகா எண்களும் அவற்றைச் சோதிக்கும் முறைகளும்

2, 3, 5, 7, 11, 13 என்று தொடரும் பகா எண்களை மாணவர் தொடக்க வகுப்புகளிலேயே அறிந்துகொள்கின்றனர். 1ஐவிடப் பெரியதாய், 1ஆலும் தன்னாலும் அன்றி வேறு எந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே பகா எண் எனப்படும். மற்றவை பகு எண்கள். இலக்கணம் இவ்வளவு எளியதாயினும், பெரியதோர் எண்ணைக் கொடுத்து, ‘இது பகா எண்தானா?’ என்று வினவினால், அதற்கு ஐயமற விடை கூறுவது நெடுங்காலமாகக் கணித நிபுணர்களுக்கு அரிய செயலாகவே இருந்து வந்தது. ‘பகா எண் போலத் தோன்றுகிறது’ என்பதற்கும் ‘பகா எண்ணே’ என்பதற்கும் இடையிலுள்ள வேற்றுமை சிறிதன்று. அவ்வேற்றுமையைத் தெளிவாகக் கண்டறிவதற்குத் தோன்றிய முறைகளையும், அவற்றில் நம் நாட்டினர் ஆற்றிய பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லைப்புறக் கடையில் பகா எண்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளும் அங்கு உள்ளன. கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ ஒருவர் ரேஷன் கடைக்குச் சென்று கருவியின்மீது விரலை வைக்கும்போது, அவருடைய விரல் ரேகை பற்றிய செய்தி தொலைவிலுள்ள ஆதார் கணிப்பொறிக்குச் செல்கிறது. இடைவழியில் எவரும் அச்செய்தியைப் படித்துவிடலாகாது. ஆகவே அது ஒரு தற்காலிகச் சாவியினால் பூட்டப்படுகிறது. அச்சாவியோ மற்றொரு பெரிய பூட்டினுள் வைத்து அனுப்பப்படுகிறது. அந்தப் பெரிய பூட்டு, இரண்டு பகா எண்களைப் பெருக்கிச் செய்யப்பட்டதாகும்.

இம்முறையை ரிவஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் 1977ஆம் ஆண்டில் வகுத்தனர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு இஃது ஆர்.எஸ்.ஏ. முறை என வழங்குகிறது. இதன் அடிப்படை மிக எளியது. 59ஐயும் 509ஐயும் பெருக்கச் சொன்னால், ஒரு மாணவன் ஒரு நிமிடத்தில் 30,031 என்று விடை கூறிவிடுவான். 30,031ஐக் கொடுத்து, அதன் காரணிகளைக் காணச் சொன்னால், அவனுக்கு நெடுநேரம் பிடிக்கும். பெருக்குதல் எளிது, பிரித்தல் அரிது. ஆதார் ஏற்பாட்டில் பயன்படும் பூட்டெண் 2048 இரும இலக்கங்கள் உடையது. நாம் வழங்கும் பதின்ம முறையில் எழுதினால் அது 617 இலக்கங்கள் கொண்டதாகும். அதனைத் தரும் பகா எண்கள் ஒவ்வொன்றும் சுமார் 309 இலக்கங்கள் உடையன. இவ்வகைப் பூட்டெண்களுள் 250 இலக்கங்கள் கொண்ட ஒன்றையே பல கணிப்பொறிகளின் கூட்டு உழைப்பினால் 2020ஆம் ஆண்டில் காரணிகளாகப் பிரிக்க முடிந்தது.

இங்குதான் முன்னர்க் கூறிய வினா நடைமுறைச் சிக்கலாகிறது. பூட்டுச் செய்வதற்கு எடுத்துக்கொண்ட இரண்டு எண்களுள் ஒன்று உண்மையில் பகா எண்ணன்று என்று வைத்துக்கொள்வோம். அப்போது உரிய சாவியைக் கொண்டும் பூட்டுத் திறவாது போகலாம். அன்றி, திருடனுக்கு அதனை உடைப்பது எளிதாகலாம். ஆகவே 309 இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பகா எண் என்று தேர்ந்து கூறுவதற்கு நம்பத்தக்க முறை இன்றியமையாதது.

குறிஞ்சியின் பன்னிரண்டு ஆண்டு

பகா எண்ணுக்கும் பகு எண்ணுக்கும் உள்ள வேற்றுமையை விளக்குவதற்கு இடுக்கி மாவட்டத்து மலைகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இரவிகுளம் தேசியப் பூங்காவைச் சார்ந்த மலைச்சரிவுகளில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பெருவாரியாகப் பூத்தது. அடுத்த பூப்பு 2030ஆம் ஆண்டில் வரவேண்டும்.

12 என்பது பகு எண். 2, 3, 4, 6 ஆகியவை அதனை வகுக்கும். ஆதலின் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும் இயல்புடைய பூச்சி ஒன்று இருப்பின், அது ஒருமுறை குறிஞ்சிப் பூப்புடன் ஒன்றிவிட்டால், பின்னர் ஒவ்வொரு பூப்பின்போதும் தவறாது வந்து சேரும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் சிலவகைச் சிள்வண்டுகளின் கணக்கு வேறு. அவை 13 ஆண்டுகள் அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்குள் வாழ்ந்து, ஒருங்கே வெளிவருகின்றன. 13, 17 ஆகிய இரண்டும் பகா எண்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை பெருகும் பகையுயிர், 17 ஆண்டுச் சிள்வண்டினை 51 ஆண்டுகளுக்கு ஒருமுறையே சந்திக்கும். இச்சிள்வண்டுகளின் ஆயுட்காலம் பகா எண்ணாக அமைந்ததற்கு இதுவே காரணமாகலாம் என்று உயிரியலார் சிலர் கருதுகின்றனர். இஃது ஒரு கருதுகோளே; மெய்ப்பிக்கப்பட்ட முடிபன்று. ஆனால் கணக்கில் ஐயமில்லை. 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 1803ஆம் ஆண்டில் ஒருங்கே வெளிவந்தன. அதன்பின் அவ்விரண்டும் மீண்டும் ஒன்றாக வெளிவந்தது 2024ஆம் ஆண்டில்தான். 13ஐ 17ஆல் பெருக்கினால் வருவது 221. 1803உடன் 221ஐக் கூட்டினால் 2024.

வகுத்துப் பார்க்கும் முறை

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதனினும் சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது பழைய முறை. அவ்வெண்ணின் வர்க்கமூலம் வரையில் வகுத்துப் பார்த்தால் போதும். ஏனெனில், ஓர் எண்ணுக்கு இரு காரணிகள் இருப்பின் அவற்றுள் ஒன்றேனும் வர்க்கமூலத்தைவிட மிகாது. 221ஐச் சோதிப்பதற்கு 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு எண்களே போதும், ஆறாவதில் அகப்பட்டுவிடும். ஒன்பது இலக்கங்கள் கொண்ட 136,279,841 என்ற எண்ணைச் சோதிக்க ஏறத்தாழ 1,400 பகா எண்களால் வகுக்க வேண்டும். பொறுமையுள்ளவர் சில நாட்களில் அதனைச் செய்து முடிக்கலாம். அஃது ஒரு பகா எண் என்பதும் புலனாகும்.

309 இலக்க எண்ணுக்கு இம்முறை பயன்படாது. அதன் வர்க்கமூலமே 155 இலக்கங்கள் உடையது. அண்டம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை கழிந்த விநாடிகளின் தொகையோ 18 இலக்கங்களில் அடங்கிவிடும். ஒவ்வொரு விநாடியிலும் கோடி கோடி முறை வகுக்கும் பொறியாயினும் இவ்வேலையின் சிறு பகுதியையும் முடித்திராது. எனவே காரணியைத் தேடாமலேயே, ஓர் எண் பகா எண்ணா அன்றா என்று கூறும் வழி வேண்டியிருந்தது.

ஃபெர்மாவின் சோதனையும் போலி எண்களும்

அத்தகைய வழிக்கு வித்திட்டவர் ஃபிரெஞ்சு நாட்டு ஃபெர்மா. அவர் 1640ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில் பகா எண்களின் பண்பு ஒன்றைக் குறிப்பிட்டார். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதனால் வகுபடாத வேறோர் எண்ணை, பகா எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தினால், அதனைப் பகா எண்ணால் வகுக்க 1 மீதி வரும். எடுத்துக்காட்டாக, 2⁶ = 64; 64ஐ 7ஆல் வகுக்க மீதி 1. அவ்வாறே 2¹⁰ = 1024; 1024ஐ 11ஆல் வகுக்க மீதி 1. 9 போன்ற பகு எண்ணில் இது பிழைபடும்: 2⁸ = 256; 256ஐ 9ஆல் வகுக்க மீதி 4. ஆகவே 9 பகா எண்ணன்று என்பது, 3 என்னும் காரணியைத் தேடாமலேயே புலனாகிறது.

அடுக்கு எவ்வளவு பெரியதாயினும் இச்சோதனையை விரைவில் செய்யலாம். வர்க்கம், வர்க்கத்தின் வர்க்கம் என்று ஏறிச் சென்று, ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 309 இலக்க எண்ணுக்கு இரண்டாயிரத்துக்குட்பட்ட பெருக்கல்களில் வேலை முடிந்துவிடும்.

எனினும் இச்சோதனையில் ஒரு குறை உண்டு. எல்லாப் பகா எண்களும் இதில் தேறும்; ஆனால் தேறியவை எல்லாம் பகா எண்கள் அல்ல. 341 என்ற எண் 11ஐ 31ஆல் பெருக்கி வருவது. எனினும் 2ஐ 340ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 341ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது. இதன் காரணம் எளிது: 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. 2ஐ விட்டு 3ஐ எடுத்துக்கொண்டால் 341 பிடிபட்டுவிடும். ஆனால் எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் பிடிபடாத போலிகளும் உள்ளன. அவ்வெண்ணுடன் பொதுக்காரணி உடைய எண்ணைத் தற்செயலாக எடுத்தாலன்றி அவை வெளிப்படா. அவற்றுள் மிகச் சிறியது 561 (3 × 11 × 17). இவ்வகை எண்களை 1910ஆம் ஆண்டில் ஆராய்ந்த அமெரிக்கக் கணித நிபுணரின் பெயரால் இவை கார்மைக்கேல் எண்கள் எனப்படுகின்றன. இவை முடிவில்லாத தொகையின என்று 1994ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது.

இராமானுஜன் பெயருடன் இணைத்துப் பேசப்படும் 1729 என்ற எண்ணும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. இருவேறு வழிகளில் இரு கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதத்தக்க மிகச் சிறிய எண் (1³ + 12³ = 9³ + 10³) என்று மட்டுமே பலர் அதனை அறிவர். 1729 = 7 × 13 × 19. இக்காரணிகளில் ஒவ்வொன்றைக் குறைத்தால் 6, 12, 18 கிடைக்கும். இம்மூன்றும் 1728ஐ மீதியின்றி வகுக்கும். இதனாலேயே 1729 ஃபெர்மாவின் சோதனையில் பகா எண்ணைப் போலவே நடிக்கிறது.

இக்குறையைப் போக்க மில்லர் 1976ஆம் ஆண்டிலும், ரேபின் 1980ஆம் ஆண்டிலும் சோதனையைத் திருத்தி அமைத்தனர். திருத்திய சோதனையில், ஒரு பகு எண் ஒருமுறை தப்புவதற்குரிய வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேற்படாது. தன்போக்கில் தேர்ந்தெடுத்த வெவ்வேறு எண்களைக் கொண்டு இருபது முறை சோதித்தால், தப்பும் வாய்ப்பு ஒரு இலட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. பூட்டுச் செய்யும் கணிப்பொறிகள் பெரும்பாலும் இம்முறையையே கையாள்கின்றன. இவ்வளவு பெரிய பகா எண்கள் கிடைப்பதும் அரிதன்று. 309 இலக்க எண்களிடையே ஏறத்தாழ 710 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக அமைகிறது. இரட்டை எண்களை ஒதுக்கிவிட்டால், சராசரி 355 எண்களைச் சோதிப்பதற்குள் ஒன்று அகப்படும்.

ஆயினும் வாய்ப்பு எவ்வளவு குறைந்ததாயினும், அது நிரூபணமாகாது. கணிதம் வேண்டுவது நிரூபணம்.

மெர்சென் எண்கள்

சிலவகை எண்களுக்கு மட்டும் விரைவான நிரூபண முறை முன்னரே கிடைத்திருந்தது. 2ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1ஐக் கழிக்க வரும் எண்கள் மெர்சென் எண்கள் எனப்படும். மெர்சென் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபிரெஞ்சுத் துறவி. அடுக்கு பகு எண்ணாயின் இவ்வெண்ணும் பகு எண்ணே. குறிஞ்சியின் 12ஐ அடுக்காகக் கொண்டால் 2¹² − 1 = 4095; அது 3, 7, 15, 63 ஆகியவற்றால் வகுபடுகிறது. அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

மெர்சென் 1644ஆம் ஆண்டில் 257 வரையுள்ள அடுக்குகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் பிழைகள் இருந்தன. 67ஐ அடுக்காகக் கொண்ட எண் பகா எண் என்று அவர் கூறினார். அஃது அன்று என்பதை லூக்கா என்ற ஃபிரெஞ்சு நிபுணர் 1876ஆம் ஆண்டில், காரணி எதையும் கண்டுபிடிக்காமலேயே காட்டினார். 1903ஆம் ஆண்டில் அமெரிக்கரான கோல் அதன் காரணிகள் 193,707,721, 761,838,257,287 என்று கண்டறிந்தார். ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக் காலம் நிலைத்திருந்த தவறு இவ்வாறு முற்றிலும் நீங்கியது. லூக்கா அதே 1876ஆம் ஆண்டில் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண்ணே என்றும் மெய்ப்பித்தார்.

லூக்காவின் முறையைப் பின்னர் லேமர் என்பார் எளிமைப்படுத்தினார். அதனை மாணவரும் செய்யலாம். 4இல் தொடங்குக. அதனை வர்க்கம் செய்து 2ஐக் கழிக்க. வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க. மீண்டும் அவ்வாறே செய்க. அடுக்கில் இரண்டு குறைந்த முறை செய்தபின் மீதி 0 ஆயின், அது பகா எண், இல்லையாயின் அன்று. 2⁵ − 1 = 31ஐச் சோதிக்க மூன்று முறை செய்ய வேண்டும்: 4; 14; 194ஐ 31ஆல் வகுக்க 8; 62ஐ 31ஆல் வகுக்க 0. ஆகவே 31 பகா எண். 127க்கு ஐந்து முறை: 4, 14, 67, 42, 111, 0. 127உம் பகா எண்ணே. 2047க்கு ஒன்பது முறை செய்தால் இறுதியில் 1736 எஞ்சும். ஆகவே அது பகு எண்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அறிவிக்கப்பட்ட பெரும் பகா எண்ணும் மெர்சென் வகையினதே. அது 2ஐ 136,279,841ஆம் அடுக்குக்கு உயர்த்தி 1ஐக் கழித்து வருவது. அறிவிக்கப்பட்ட காலத்தில் அறியப்பட்ட பகா எண்கள் எல்லாவற்றினும் பெரியது அதுவே. அதில் 41,024,320 இலக்கங்கள் உள்ளன. விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம் இரவும் பகலும் இடைவிடாது படித்தால், முடிக்க 475 நாட்கள் ஆகும். பக்கத்துக்கு 3,000 இலக்கங்கள் வீதம் அச்சிட்டால் 13,600 பக்கங்களுக்கு மேல் வரும். ஆயினும் கணிப்பொறி வழங்கும் இரும எண்முறையில் அதனை வருணிப்பது எளிது: அடுத்தடுத்து 136,279,841 ஒன்றுகள், வேறு எதுவும் இல்லை.

அவ்வெண்ணை முழுதும் எழுதாமலே அதன் சில பண்புகளைக் காகிதத்தில் கணக்கிட்டுக் காணலாம். 2இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழல்கிறது. 136,279,841ஐ 4ஆல் வகுக்க மீதி 1. ஆகவே அந்த அடுக்கு 2இல் முடியும். ஒன்று கழிக்க, அப்பகா எண் 1இல் முடியும். 3ஆல் வகுத்தால் 1உம், 7ஆல் வகுத்தால் 3உம், 9ஆல் வகுத்தால் 4உம் மீதியாகும். இவற்றை எட்டாம் வகுப்பு மாணவரும் சரிபார்க்கலாம். மேலும், யூக்ளிட் காட்டிய வழியில், ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தருகிறது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்குச் சமமாயுள்ள எண்ணே நிறைவெண்: 6, 28, 496, 8128 என்பன. இப்புதிய பகா எண் தரும் நிறைவெண் 82,048,640 இலக்கங்கள் உடையது.

இதனைக் கண்டறிந்தவர் அமெரிக்கரான லூக் டுரான்ட். உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கணிப்பொறிகளை ஈடுபடுத்தி நடத்தும் கூட்டுமுயற்சியில் அவர் பங்குகொண்டார். அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த கணிப்பொறி ஒன்று அக்டோபர் 11ஆம் நாள் அதனைப் ‘பகா எண்ணாக இருக்கலாம்’ என்று மட்டும் அறிவித்தது. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரிலிருந்த மற்றொரு கணிப்பொறி, மேற்கூறிய லூக்கா–லேமர் சோதனையை நடத்தி, ‘பகா எண்ணே’ என்று உறுதிசெய்தது. இரண்டு அறிவிப்புக்கும் இடையிலுள்ள வேற்றுமையே இக்கட்டுரையின் பொருள்.

குற்றாலத்துக் கணித நிபுணர்

பகா எண்களை ஆராய்ந்த இந்தியருள் சு. சி. பிள்ளை என்னும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை சிறப்பிடம் பெற்றவர். அவர் 1901ஆம் ஆண்டில் குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில் பிறந்தார். அருகிலுள்ள செங்கோட்டை 1956ஆம் ஆண்டுவரை திருவிதாங்கூருடனும் பின் திருவிதாங்கூர்-கொச்சியுடனும் சேர்ந்திருந்த பகுதியாகும். இளமையிலேயே தாயை இழந்த அவர், பள்ளி இறுதி ஆண்டில் தந்தையையும் இழந்தார். அவருடைய அறிவாற்றலைக் கண்டறிந்திருந்த சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு அவரைப் படிக்கவைத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி பெற்ற பிள்ளை, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். வாரிங் என்பவர் எழுப்பிய பழைய வினா ஒன்றில் அவர் கண்ட முடிபுகள் அவருக்கு உலகப் புகழை அளித்தன. எந்த எண்ணையும் 73க்கு மேற்படாத ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று அவர் 1940ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார்.

பகா எண்ணின் மற்றொரு பண்பு வில்சன் பெயரால் வழங்குகிறது. ஒரு பகா எண்ணுக்குக் கீழுள்ள எண்களை எல்லாம் பெருக்கி 1ஐக் கூட்டினால், அப்பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 1 முதல் 6 வரை பெருக்க 720; ஒன்று கூட்ட 721; அது 7 × 103. இங்கு 103ஐ நோக்குக: அதனை 6ஆல் வகுக்க மீதி 1. 7ஐ 6ஆல் வகுத்தாலும் மீதி 1. 1 முதல் ஓர் எண்வரை பெருக்கி ஒன்று கூட்டினால், வரும் எண்ணின் பகாக் காரணிகள் எல்லாம் இவ்வாறே அமையுமோ என்ற வினாவைப் பிள்ளை எழுப்பினார். அவ்வாறில்லை என்று சௌலா காட்டினார். 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 23ஆல் வகுபடும். ஆனால் 23ஐ 14ஆல் வகுக்க மீதி 9. இவ்விதிக்கு அடங்காத 23, 29, 59, 61 முதலிய பகா எண்கள் இன்று ‘பிள்ளை பகா எண்கள்’ என்றே உலகெங்கும் வழங்கப்படுகின்றன. அவை எண்ணிறந்தன என்று 2002ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது.

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலுள்ள உயர் ஆராய்ச்சி நிலையத்தின் அழைப்பை ஏற்றுப் பிள்ளை புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவுக்கு அருகில் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49.

கான்பூரில் கண்ட முடிபு

எந்த எண்ணுக்கும் பொருந்துவதாய், வாய்ப்பை நம்பாததாய், மெய்ப்பிக்கப்படாத கருதுகோள் எதையும் சாராததாய், விரைவாகவும் முடியும் ஒரு சோதனை உண்டா என்ற வினா 2002ஆம் ஆண்டுவரை விடையின்றி நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இரு மாணவர்களும் அதற்கு விடை கண்டனர்.

அவர்களுடைய முறையின் வேர், மேரு பிரஸ்தாரம் என்று நம் நாட்டுச் சந்த நூலார் பழங்காலத்திலேயே அறிந்திருந்த எண்முக்கோணத்தில் உள்ளது. அதில் ஒவ்வோர் எண்ணும் தனக்கு மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாகும். ஐந்தாம் வரிசை: 1, 5, 10, 10, 5, 1. இரு முனையிலுமுள்ள 1களை நீக்கினால் எஞ்சியவை எல்லாம் 5ஆல் வகுபடுகின்றன. ஏழாம் வரிசையில் 7, 21, 35, 35, 21, 7. எல்லாம் 7ஆல் வகுபடும். ஆறாம் வரிசையிலோ 6, 15, 20, 15, 6. இவற்றுள் 15உம் 20உம் 6ஆல் வகுபடா. பகா எண் வரிசையில் இது பிழையாது. பகு எண் வரிசையில் இது நிறைவேறாது. ஃபெர்மாவின் சோதனையில் தப்பிய 341உம் 1729உம் இச்சோதனையில் தப்பவியலாது.

ஆனால் பெரிய எண்ணுக்கு முழு வரிசையையும் எழுதிப் பார்ப்பது வகுத்துப் பார்ப்பதினும் கடினம். கான்பூர் அறிஞர் மூவரும், அந்த வரிசையைத் தக்கதொரு சிறிய அளவுக்குள் மடித்துக்கொண்டு சோதித்தாலும், குறிப்பிட்ட சில முறை சோதித்தால் போலிகள் தப்பமாட்டா என்று மெய்ப்பித்தனர். அக்கட்டுரை 2004ஆம் ஆண்டில் ‘கணித ஆண்டேடு’ என்னும் பொருள்படும் புகழ்வாய்ந்த அமெரிக்க இதழில் வெளிவந்தது. 2006ஆம் ஆண்டில் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. நடைமுறையில் மில்லர்–ரேபின் சோதனையே இன்றும் விரைவானது. ஆகவே பூட்டுச் செய்வோர் அதனைக் கைவிட்டாரில்லை. ஆனால் பகா எண்ணைச் சோதிப்பது இயல்பிலேயே கடினமான செயலன்று என்பது கான்பூரில் நிலைநாட்டப்பட்டது. காரணிகளைக் காண்பது அவ்வாறே எளிதா என்ற வினாவுக்கு இன்னும் விடையில்லை. ரேஷன் கடையின் பூட்டு அவ்விடையின்மையையே நம்பி நிற்கிறது.

வகுப்பில் செய்யத்தக்கவை

இப்பொருளைக் கற்பிக்க ஆசிரியர்களுக்குக் கருவிகள் வேண்டியதில்லை. கரும்பலகையில் மேரு பிரஸ்தாரத்தைப் பதின்மூன்றாம் வரிசைவரை எழுதச் செய்து, எவ்வெவ் வரிசையில் எல்லா எண்களும் வரிசை எண்ணால் வகுபடுகின்றன என்று மாணவரையே காணச் செய்யலாம்.

‘முதற் பகா எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் எப்போதும் பகா எண் வரும்’ என்ற தவறான எண்ணம் மாணவரிடையே அடிக்கடி காணப்படுகிறது. 3, 7, 31, 211, 2311 என்று ஐந்துமுறை அவ்வாறே வருவதால் இவ்வெண்ணம் வலுப்பெறுகிறது. ஆறாவது முறை, 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது 30,031. அது முன்னர்க் கண்டபடி 59 × 509. ஐந்து எடுத்துக்காட்டுகள் ஒரு விதியை நிலைநாட்டா என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் பாடம் அரிது.

பிள்ளையின் ஆராய்ச்சியிலிருந்தும் ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து வரும் எண்கள் பதினாறோ அதற்குக் குறைவாகவோ இருப்பின், அவற்றுள் ஏதேனும் ஒன்று மற்ற எல்லாவற்றுடனும் 1ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லாததாக இருக்கும் என்று அவர் மெய்ப்பித்தார். பதினேழு எண்களானால் இது பொய்க்கக்கூடும். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களையும் மாணவருக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொதுக்காரணி உடைய துணையைத் தேடச் சொல்லலாம். 2189க்கு 2200 துணை (11). 2191க்கு 2184 துணை (7). 2197க்கும் 2184 துணை (13). பதினேழு எண்களுக்கும் துணை கிடைத்துவிடும்.

களப்பணியாளர்களுக்கும் இப்பொருள் அயலானதன்று. மக்களின் விரல் ரேகையையும் நிலப் பதிவையும் கணிப்பொறிவழி அனுப்பும் பணி நாள்தோறும் அவர்கள் கையால் நடைபெறுகிறது. ‘எம் விரல் ரேகையை வேறு யாரேனும் எடுத்துக்கொள்வாரோ?’ என்று முதியோர் கேட்பதுண்டு. செய்தி செல்லும் வழியைக் காக்கும் பூட்டு எதனால் ஆனது, அது சோதிக்கப்பட்டது எவ்வாறு என்று எளிய சொற்களில் கூறுவதற்கு இவ்விளக்கம் உதவும். அதனுடன், எவ்வளவு வலிய பூட்டாயினும், மறைவெண்ணைப் பிறரிடம் கூறிவிட்டால் அது காவாது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று.